ஒரு நாள் செனற்றரும் எங்கள் தேசியப் பட்டியலும்

ஒட்டுசுட்டான் பக்கத்து மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றில் செயலாளராக இருக்கும் தங்கை ஒருவர் கேட்ட கேள்வி இது: "அமெரிக்காவின் முதல் பெண் செனற்றர் ஒரே நாள்தான் பதவியில் இருந்தாராம். எங்கட பக்கத்திலும் தேசியப் பட்டியல் இடத்தை, அதாவது கட்சி பெயர் குறித்துக் கொடுக்கிற பாராளுமன்ற ஆசனத்தை, ஒரு வருசம், ஆறு மாதம் என்று பங்குபோட்டு ஒரு பெண்ணுக்குக் கொடுக்கலாம் என்று கதைக்கிறார்கள். இப்படிக் கொஞ்சக் காலத்துக்குக் கிடைக்கிற பதவியால் பிரயோசனம் உண்டா, இல்லாவிட்டால் படம் எடுத்துப் பேப்பரில் போடத்தானா?"

பிரயோசனம் உண்டு தங்கச்சி. ஆனால் அந்தப் பிரயோசனம் பதவியைக் கொடுக்கிறவரிடமிருந்து வருவதில்லை. அவருக்கு வேறு கணக்கு இருக்கும். நியமனக் கடிதம் கையில் கிடைப்பதற்கும் சபைக்குள் நின்று சத்தியப்பிரமாணம் செய்வதற்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த முதல் செனற்றர் அம்மா அந்த இடைவெளியை எப்படிக் கடந்தார் என்பதுதான் அவருடைய கதையில் எங்களுக்குப் பயன்படும் பகுதி. அவருடைய வாழ்க்கையில் எவரும் பின்பற்றக்கூடாத பகுதியும் இருக்கிறது. இரண்டையும் சொல்கிறேன்.

பெயர் ரெபேக்கா லற்றிமர் பெல்ற்றன். அவர் போன செனற் என்பது காங்கிரஸ் எனப்படும் அமெரிக்கச் சட்டசபையின் மேல்சபை. 1835 யூன் 10ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். 17 வயதில் பெண்கள் கல்லூரியில் முதலாவதாகத் தேறினார். அடுத்த வருடம் வில்லியம் பெல்ற்றன் என்பவரை மணந்தார். கணவர் வைத்தியர், மெதடிஸ்த போதகர், தோட்டக்காரர். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்திருந்த குடும்பம் அது. உள்நாட்டுப் போர் அவர்களுடைய சொத்தை அழித்தது. பிறந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே வளர்ந்து ஆளானார். போருக்குப் பிறகு கணவனும் மனைவியும் காட்டர்ஸ்வில் என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்திப் பிழைத்தார்கள்.

1874இல் கணவர் காங்கிரசுக்குப் போட்டியிட்டபோது தேர்தல் வேலை முழுவதையும் இவர்தான் கொண்டு நடத்தினார். கடிதம் எழுதினார், கூட்டங்களுக்கு நாள் குறித்தார், பத்திரிகைகளுக்குப் பதில் எழுதினார். கணவர் 1875 முதல் 1881 வரை மூன்று தவணை இருந்தார். அந்த ஆறு வருடமும் வோசிங்ரனில் அவருடைய அலுவலக வேலையைப் பார்த்ததும் இவரே. வாக்குரிமைகூட இல்லாத காலத்தில் சட்டசபை எப்படி ஓடுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து படித்துவிட்டார். 1899 முதல் அத்லாந்தாப் பத்திரிகை ஒன்றில் கமக்காரக் குடும்பங்களுக்காக ஏறத்தாழ இருபது வருடம் பத்தி எழுதினார். சிறைக்கைதிகளைத் தனியாருக்குக் கூலியாக வாடகைக்கு விடும் முறையை எதிர்த்து வருடக்கணக்காக மனுக் கொடுத்தார். ஜோர்ஜியா அந்த முறையை 1908இல் நிறுத்தியது. பெண்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்க வேண்டும் என்று கேட்டார், 1918இல் திறந்தது. ஆகவே 1922இல் நியமனம் வந்தபோது அவர் பேருக்கு இருத்தி வைக்கப்பட்ட ஆள் அல்ல. அவருக்கு வயது 87. ஆளுநர் அவரைத் தெரிவு செய்ததற்கு அந்த வயதும் ஒரு காரணம்.

அந்தக் கணக்கு இப்படி. 1922 செப்ரெம்பர் 26இல் ஜோர்ஜியாவின் செனற்றர் தோமஸ் வொட்சன் இறந்துபோனார். அங்கே செனற் இடம் வெறுமையானால், மக்கள் தேர்தல் மூலம் நிரப்பும்வரை தற்காலிகமாக ஒருவரை ஆளுநர் நியமிக்கலாம். ஆளுநர் தோமஸ் ஹார்ட்விக்குக்கு அந்த இடத்தில் தானே போட்டியிட ஆசை. ஆனால் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்த 19ஆவது திருத்தத்தை அவர் முன்பு எதிர்த்தவர். திருத்தம் 1920 ஓகஸ்ரில் நிறைவேறியும், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னரே பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற மாநில விதியால் ஜோர்ஜியாப் பெண்கள் அந்த வருடம் வாக்களிக்க முடியாமல் போனது. 1922இல் அவர்கள் வாக்குப் பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அவர்களைக் குளிர்விக்க வேண்டும். அதேநேரம் நியமிக்கப்படுபவர் தனக்குப் போட்டியாக நிற்கக்கூடாது. 87 வயதுப் பெண்மணி இரண்டுக்கும் பொருந்தினார். ஒக்ரோபர் 3இல் நியமனம் நடந்தது. செனற் சபை அப்போது கூடியிருக்கவில்லை. நொவெம்பர் 7ஆம் திகதி தேர்தல் முடிந்துவிடும், அதற்குப் பிறகுதான் சபை கூடும். அதாவது அவர் சபைக்குள் கால் வைக்கவே மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கடைசியில் ஹார்ட்விக் கட்சிக்குள் நடந்த தெரிவிலேயே தோற்றார். வோல்ற்றர் ஜோர்ஜ் வென்றார்.

இங்கேதான் பெல்ற்றன் சும்மா இருக்கவில்லை. அவரும் அவருக்கு ஆதரவான பெண்களும், விசேட கூட்டத்தொடர் ஒன்றைக் கூட்டும்படி ஜனாதிபதி ஹார்டிங்கைக் கேட்டார்கள். அவர் முதலில் இசையவில்லை. பிறகு தன்னுடைய சட்டமூலம் ஒன்றுக்காக நொவெம்பர் 20ஆம் திகதிக்குச் சபையைக் கூட்டினார். உடனே பெல்ற்றன் ஜோர்ஜிடம் ஒரு சின்ன விடயத்தைக் கேட்டார்: உங்களுடைய தெரிவுப் பத்திரத்தை ஒரு நாள் பிந்திக் கொடுங்கள். அவர் சம்மதித்தார். சட்டப்படி இது நூலில் நடக்கிற வேலைதான். புதியவர் தெரிவாகிவிட்டபடியால் நியமனம் காலாவதியாகிவிட்டது என்று ஒரே ஓர் உறுப்பினர் எழும்பிச் சொல்லியிருந்தாலும் காரியம் கெட்டிருக்கும். அப்படிச் சொல்ல எவரும் முன்வரவில்லை. 20ஆம் திகதி இறந்த உறுப்பினருக்கான அஞ்சலியோடு சபை கலைந்தது. 21ஆம் திகதி, நியமனம் கிடைத்து 49 நாட்களுக்குப் பிறகு, சத்தியப்பிரமாணம் செய்தார். 22ஆம் திகதி எழுந்து பேசினார். இனி வரும் சில வருடங்களில் பெண்கள் மிகச் சிலரே இங்கே வரக்கூடும், ஆனாலும் வந்து உங்களோடு அமரும்போது திறமையும் நேர்மையான நோக்கமும் நாட்டுப்பற்றும் குறைவில்லாத உழைப்பும் உங்களுக்குக் கிடைக்கும் என்று வாக்குக் கொடுத்தார். பேசி முடித்தபின் ஜோர்ஜ் வந்து பதவியேற்றார். பெல்ற்றன் வீடு திரும்பினார். 1930 ஜனவரி 24இல், 94 வயதில் இறந்தார்.

மாதர் சங்கத்தில் அறிக்கைப் புத்தகம் எழுதுகிறவருக்கு இதன் பெறுமதி விளங்கும். கூட்டத்தில் ஆயிரம் கதைத்தாலும் அறிக்கையில் ஏறாதது நடந்ததாகாது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் அவர் நியமனக் கடிதம் மட்டும் பெற்றவர். அந்த நாள் இருந்தபடியால் செனற் சபையின் பதிவேட்டில் அவர் பெயரும் பேச்சும் இருக்கின்றன.

இனி மற்றப் பக்கம். இதைச் சொல்லாமல் அவரைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது பிழை. பெல்ற்றன் வெள்ளையின மேலாதிக்கவாதி. 1897இல் ரைபீ என்ற தீவில் கமக்காரர் கூட்டமொன்றில் பேசும்போது, வெள்ளைப் பெண்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கறுப்பின ஆண்களை வாரத்துக்கு ஆயிரம் பேர் என்றாலும் விசாரணையின்றிக் கொல்லட்டும் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த வருடம் அந்தப் பேச்சை வட கரோலைனாவின் வில்மிங்ரன் நகரப் பத்திரிகைகள் மீண்டும் அச்சிட்டன. அங்கிருந்த கறுப்பினப் பத்திரிகை ஆசிரியர் அலெக்சாண்டர் மான்லி அதற்கு மறுப்பு எழுதினார். 1898 நொவெம்பர் 10இல் வெள்ளையினக் கும்பல் அவருடைய பத்திரிகைக் காரியாலயத்தை எரித்தது, கறுப்பின மக்களைக் கொன்றது, மக்கள் தெரிவுசெய்த நகர ஆட்சியையும் ஆயுதமுனையில் கவிழ்த்தது. அமெரிக்கக் காங்கிரசில் இருந்தவர்களில் அடிமைகளை வைத்திருந்த கடைசி ஆளும் இவர்தான். எரிந்த அச்சுக்கூடமும் எரிந்த நூலகமும் என்ன என்று அறிந்த மண்ணில் இருந்து படிக்கிறோம். பெண் ஒருவர் முதலாவதாக ஓரிடத்துக்குப் போனார் என்பது அவர் யாருக்காகப் பேசினார் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. எங்கள் பட்டியலிலும் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

இலங்கைக்கு வருவோம். இங்கே பெண்கள் சட்டசபைக்குள் போன பழைய வழி குடும்ப வழி. 1931இல் தகப்பன் இறந்து வெறுமையான ருவன்வெல்ல இடத்துக்கு அடலின் மொலமூரே வந்தார். 1932இல், தேர்தல் மனுவால் கணவர் இரத்தினசோதி சரவணமுத்து இடமிழந்த கொழும்பு வடக்குக்கு நேசம் சரவணமுத்து வந்தார். இருவரும் இடைத்தேர்தலில் வென்றவர்கள். இப்போதைய முறையில் இடைத்தேர்தல் இல்லை. அதனால் இன்று குறுகிய காலத்துக்கு உள்ளே போக இரண்டு வழிதான் உண்டு.

ஒன்று மாவட்ட வழி. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது. இதைப் பலர் மாறி விளங்கிக்கொள்கிறார்கள். வன்னிக்கு ஆறு ஆசனம். ஒவ்வொரு பட்டியலிலும் ஆசனத்தைவிட மூன்று கூடுதலாக, அதாவது ஒன்பது பெயர். வாக்காளர் கட்சிக்கு ஒரு புள்ளடியும் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் மூன்று பேர்வரை விருப்பு வாக்கும் போடலாம். பெண்கள் தோற்பது பெரும்பாலும் இந்த விருப்பு வாக்கில்தான். தலைமன்னாரிலிருந்து கொக்கிளாய்வரை மூன்று நிர்வாக மாவட்டம் அலைய வேண்டும், போட்டி தன்னுடைய கட்சி ஆண்களோடு, வாகனச் செலவும் துண்டுப்பிரசுரச் செலவும் சொந்தப் பையிலிருந்து. 1990களில் ஐக்கிய தேசியக் கட்சியிலிருந்து இராஜமனோகரி புலேந்திரன் வன்னி உறுப்பினராக இருந்தார். 2015இலும் 2024இலும் வன்னியில் தெரிவான அறுவரும் ஆண்கள். ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: மாவட்ட உறுப்பினர் ஒருவர் விலகினால் அல்லது இறந்தால், அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்ததாக நிற்பவர் உள்ளே வருவார். ஆகவே தோற்ற பெண் எத்தனையாவது இடத்தில் தோற்றார் என்பதும் முக்கியம். இருபது வாக்கு வித்தியாசம் நாலு வருடம் கழித்து ஓர் ஆசனமாகலாம்.

மற்றது தேசியப் பட்டியல். 1988இன் 14ஆவது திருத்தம் கொண்டுவந்த 99அ உறுப்புரைதான் இதற்கு அடிப்படை. 225 ஆசனத்தில் 196 மாவட்டங்களுக்கு, 29 நாடளாவிய வாக்கு வீதத்துக்கு. வேட்புமனுக் காலத்திலேயே கட்சி தன்னுடைய பட்டியலைத் தேர்தல் ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். முடிவு வந்தபின் கட்சிச் செயலாளர் ஒரு வாரத்துக்குள் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர் பட்டியலில் உள்ளதாக இருக்கலாம், அல்லது அதே தேர்தலில் அந்தக் கட்சியின் ஏதாவது மாவட்ட வேட்புமனுவில் இருந்ததாக இருக்கலாம். தோற்றவரையும் போடலாம் என்று ஆனது இதனால்தான். சனங்களுக்கு இது பிடிப்பதில்லை. ஆனால் 2015இல் வன்னியில் போட்டியிட்டு வெல்லாத முல்லைத்தீவு சாந்தி சிறீஸ்கந்தராசா தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தேசியப் பட்டியல் உறுப்பினராக வந்தது இந்த வழியால்தான். அவர் முழுத் தவணையும் இருந்தார்.

ஏன் பங்குபோடுகிற கதை வருகிறது? ஆசனம் குறைவு. வடக்குக் கிழக்கை மட்டும் நம்பியிருக்கும் கட்சிக்கு நாடளாவிய வாக்கில் ஓரிரு ஆசனமே விழும். கூட்டமைப்பு யாருடைய பெயரில் போட்டியிட்டதோ அந்தத் தமிழரசுக் கட்சிக்கு 2015இல் இரண்டு, 2020இலும் 2024இலும் ஒவ்வொன்று. 2015இன் மற்ற ஆசனம் திருகோணமலைக்குப் போனது, 2020இன் ஆசனம் அம்பாறைக்கு, 2024இன் ஆசனம் வவுனியா வைத்தியர் சத்தியலிங்கத்துக்கு. ஓர் ஆசனத்துக்கு மாவட்டம் கேட்கும், தோற்ற தலைவர் கேட்பார், பெண்கள் கேட்பார்கள். எல்லோரையும் சமாதானப்படுத்தச் சுழற்சி என்று ஒரு வார்த்தை சொல்லப்படும். உள்ளூராட்சி சபைகளில் 2016இன் திருத்தச் சட்டத்தால் பெண்களுக்கு 25 வீதம் உண்டு. பாராளுமன்றத்தில் அப்படி ஒன்று இல்லை.

சுழற்சிக்குச் சட்டத்தில் இடமே கிடையாது. இதுதான் எல்லாப் பிரச்சினைக்கும் வேர். "முதல் வருடம் இவர், அடுத்த வருடம் நீங்கள்" என்றால் முதலாமவர் தானாகப் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்துக்குக் கடிதம் எழுதி விலக வேண்டும். எழுதாவிட்டால் எவரும் கட்டாயப்படுத்த முடியாது. கட்சியிலிருந்து நீக்கலாம். நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் போகும், ஆனால் அந்த மாதத்துக்குள் அவர் உயர் நீதிமன்றத்தில் மனுப்போடலாம், மனு முடியும்வரை ஆசனம் அசையாது. அவர் விலகினாலும், அடுத்ததாக யாரைப் போடுவது என்று தீர்மானிக்கிறவர் கட்சிச் செயலாளர்தான். உங்களுக்குச் சொன்ன வாக்கு வாயளவில்தான் இருக்கும். எனவே சுழற்சியில் பெண்ணுக்கு இடம் என்றால் அது முதல் தவணையாக இருக்க வேண்டும். இரண்டாவது தவணை பெரும்பாலும் வந்து சேராது. திகதி போடாத விலகல் கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால் வைக்கக்கூடாது. எவ்வளவு காலம் என்பதைக் கட்சியின் மத்திய குழுத் தீர்மானமாக, திகதியோடு, அறிக்கையில் ஏற்றச் சொல்லிப் பிரதி வாங்க வேண்டும்.

சரி, கிடைத்துவிட்டது என்று வைப்போம். சபை வழமையாக மாதத்தின் முதலாம் மூன்றாம் வாரங்களில் கூடும், மாதம் எட்டு நாள் அளவில். ஆறு மாதம் என்றால் ஐம்பது நாளுக்குள்தான். வர்த்தமானியில் பெயர் வந்தாலும் சபையில் உறுதியுரை எடுக்கும்வரை அமரவோ வாக்களிக்கவோ முடியாது. ஆகவே நல்ல நாள், ஊர் வரவேற்பு, மாலை எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி, அடுத்த அமர்வின் முதல் நாளே உறுதியுரை எடுக்க வேண்டும். முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வந்து ஏ9 ஏறிக் கொழும்புக்குப் போவது ஒரு நாள் வேலை. முதல்நாளே போய்த் தங்குவதுதான் சரி.

பேச்சு நேரத்தைக் கட்சிக் கொறடாதான் பிரித்துக் கொடுப்பார். சிறிய கட்சிக்குக் கிடைப்பது நிமிடக்கணக்கு. ஐந்து நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் நானூறு சொல்லுக்கு மேல் போகாது. முதல் உரையில் தலைவருக்கு நன்றி, தொகுதிக்கு நன்றி என்று இரண்டு நிமிடம் கரைப்பதுதான் வழமையாக நடக்கும் பிழை. தமிழில் பேசலாம், உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு, சபையின் உரைப் பதிவேடான ஹன்சாட்டில் தமிழிலேயே ஏறும். எழுதிய பிரதியை மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே கொடுத்தால் காணிப் பெயரும் குளத்தின் பெயரும் சிதையாது. முதலில் வருவது திருத்தப்படாத பிரதி, அதை உடனே வாசித்துப் பெயர்களையும் எண்களையும் திருத்திக் கொடுக்க வேண்டும். பிந்தினால் பிழை அப்படியே நிரந்தரமாகிவிடும்.

வாய்மூலக் கேள்வி நல்ல ஆயுதம், ஆனால் மெதுவானது. ஒழுங்குப் பத்திரத்தில் வரக் காலம் எடுக்கும், வந்த நாளில் அமைச்சர் அவகாசம் கேட்பார். அதனால் முதல் வாரத்திலேயே கேள்விகளைக் கையளித்துவிட வேண்டும். "வன்னியில் காணி விடுவிப்பு எப்போது" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்தக் கிராம அலுவலர் பிரிவு, எத்தனை ஏக்கர், எந்தத் திணைக்களத்தின் கையில், எந்த வருடத்திலிருந்து என்று கேட்டால் அமைச்சு எண்ணில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலைப் பிறகு எவரும் எடுத்துக் காட்டலாம்.

குறுகிய காலத்துக்கு இவையெல்லாவற்றையும்விடக் கூடுதலாக உதவக்கூடியது பொது மனுக்கள் பற்றிய குழு. மனுவை ஓர் உறுப்பினர் ஊடாகத்தான் சபைக்குச் சமர்ப்பிக்க வேண்டும். அந்த வாசலைத் திறக்க ஆறு மாதம் தாராளமாகப் போதும். குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கலாம். மனு கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படி: ஒரே மனுவில் காணி, வீட்டுத்திட்டம், வீதி மூன்றையும் போடுவது, திணைக்களத்துக்கு முன்பு எழுதிய கடிதங்களையும் வந்த பதிலையும் இணைக்காமல் விடுவது, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைக் கொண்டுவருவது, அனுமதிப்பத்திரத்தின் தெளிவில்லாத போட்டோப் பிரதி. ஒரு மனு, ஒரு குறை, திகதி ஒழுங்கில் கடிதங்கள், கடைசியில் என்ன நிவாரணம் வேண்டும் என்று இரண்டு வரி. இந்த வேலையை நியமனம் வருவதற்கு முன்பே சங்கங்கள் செய்து வைத்திருந்தால், வருகிறவர் முதல் மாதத்திலேயே பத்து மனுவைக் கையளிக்கலாம். தலைக்கு மேல் கூரை இல்லாத விதவைக்கு உறுப்பினரின் கன்னி உரையைவிட அந்த மனு கிட்ட நிற்கும்.

பெல்ற்றனுக்குப் பிறகு ஜோர்ஜியாவிலிருந்து இன்னொரு பெண் செனற் சபைக்குப் போக 2020 வரை, 97 வருடத்துக்கு மேல் எடுத்தது. அவரும் நியமனம் பெற்றவர்தான், அடுத்த தேர்தலில் தோற்றார். வாசல் ஒருமுறை திறந்ததால் தொடர்ந்து திறந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஆகவே உங்கள் அடுத்த கூட்டத்தில் எடுக்க வேண்டிய தீர்மானம் நியமனம் பற்றியது அல்ல, வேட்புமனு பற்றியது. வேட்புமனு நாளுக்கு முன்பே ஒவ்வொரு கட்சியின் செயலாளருக்கும் சங்கத்தின் கடிதத் தலைப்பில், பதிவுத் தபாலில் எழுதுங்கள்: தேசியப் பட்டியலில் வன்னிப் பெண்ணின் பெயர் உண்டா, மாவட்டப் பட்டியலின் ஒன்பது பெயரில் பெண்கள் எத்தனை பேர், சுழற்சி என்றால் முதல் தவணை யாருக்கு. பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதைத் திகதியோடு அறிக்கைப் புத்தகத்தில் எழுதி, தபால் பற்றுச்சீட்டைப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கலாம்.